பிறர் புடவையோடு பயணம் போகிறவர்களுக்கு

முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது, ரவிக்கைக் கழுத்தில் பூவேலை செய்வது, ஃபால்ஸ் தைப்பது, கொக்கி வைப்பது என்று கையால் தைத்துக் கொடுத்துச் சம்பாதிக்கும் பெண்கள் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் நிறையப் பேர் இருக்கிறோம். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்த பிறகு தோட்டத்தில் பெண்களுக்கு இருந்த வேலை குறைந்துவிட்டது. விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர்ப் பாலுக்காக மரம் சீவப் போன என் அம்மாவின் தலைமுறைக்கு அடுத்து வந்த எங்களில் பலர், டவுனுக்குக் குடிவந்து ஊசியை நம்பிப் பிழைக்கிறோம். தீபாவளி, கல்யாண மாதங்கள் என்று வந்துவிட்டால் கையில் வேலை இல்லாத நாளே இருக்காது என்பதால், ஈப்போ மருத்துவமனையில் காத்திருந்தாலும், கோலாலம்பூரில் மகள் வீட்டுக்குப் போனாலும், தமிழ்நாட்டுக்கு விமானம் ஏறினாலும் தையலைக் கூடவே எடுத்துப் போகிறோம். அப்படி எடுத்துப் போன ஒரு பயணத்தில் எனக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். நான் கிளம்புமுன் யாராவது இவற்றைச் சொல்லியிருந்தால், இரண்டு மாதச் சம்பாத்தியமும் பல இரவுத் தூக்கமும் எனக்கு மிஞ்சியிருக்கும்.

என் அக்காள் புதுக்கோட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய மகளின் திருமணம் ஐப்பசியில் நிச்சயமாகியிருந்தது. அதே நேரத்தில் எங்கள் ஊர்ப் பெண்மணி ஒருவர், தம் மகளின் வரவேற்புக்காக ஈப்போ லிட்டில் இந்தியாவில் 1,450 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) எடுத்த சந்தன நிறப் பட்டுப் புடவையை என்னிடம் கொடுத்து, முந்தானை முழுவதும் அரக்கு நிறத்தில் மூன்று அடுக்குக் குஞ்சம் கட்டித் தரச் சொன்னார். கூலி 280 வெள்ளி. நான் ஊரிலிருந்து திரும்பி வந்த வாரமே அவர்கள் வீட்டு விசேஷம் என்பதால், புடவையை விட்டுவிட்டுப் போனால் முடிக்க முடியாது என்று அவருக்கும் தெரியும். ‘அக்கா, நீங்க கூடவே கொண்டு போய் முடிச்சிடுங்க, உங்க கையில இருந்தா எனக்குப் பயமில்லை’ என்று அவர்தான் சொன்னார். அந்த நம்பிக்கையை நினைக்கும்போது இன்றைக்கும் மனம் கனக்கிறது.

பயணத்தின் முதல் பகுதி நன்றாகவே இருந்தது. சுங்கை சிப்புட் நிலையத்தில் இடிஎஸ் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரல் வரை தைத்துக்கொண்டே போனேன். ரயிலில் தைப்பதற்கும் பேருந்தில் தைப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ரயில் வேகமாகப் போனாலும் ஆட்டம் ஒரே சீராக இருப்பதால் கை அதற்குப் பழகிவிடும். நெடுஞ்சாலைப் பேருந்தில் எதிர்பாராத நேரத்தில் பிரேக் போடுவார்கள், ஊசி விரலுக்குள் இறங்கும், விரலில் வருகிற ஒரு சொட்டு இரத்தம் பட்டுத்துணியில் பட்டால் அதை எடுப்பது பெரும்பாடு. ஆகையால் பேருந்தில் போகிறவர்கள் ஓட்டுத்தையல், கொக்கி போன்ற பார்க்காமலே செய்யக்கூடிய வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்து நிற்கும்போது மட்டும் நுணுக்கமானதைத் தொடுங்கள். நூலை முழங்கையிலிருந்து விரல்நுனி வரையிலான நீளத்திற்கு வீட்டிலேயே நறுக்கி, ஓர் அட்டையில் துளையிட்டு நிறவாரியாக முடிந்து வைத்துக்கொண்டால் வழியில் கத்தரிக்கோலுக்கு வேலை பாதியாகக் குறையும். அந்த அளவுக்கு மேல் நூலை நீட்டினால் துணிக்குள் பலமுறை போய்வந்து பிசிறும், முடிச்சு விழும், பக்கத்து இருக்கைக்காரரின் முகத்திலும் கை படும். எம்ப்ராய்டரி நூலின் ஒரு கண்டில் ஆறு இழைகள் இருக்கும். வேலைக்கு எத்தனை இழை வேண்டுமோ அத்தனையைப் பிரித்துச் சேர்ப்பதையும் வீட்டிலேயே முடித்துவிட வேண்டும், ஏனென்றால் குளிரூட்டியின் காற்றடிக்கும் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு இழை பிரிப்பது ஆகாத காரியம். நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் கொக்கி தைக்கும்போது சிக்கல் விழாது. ஆனால் பட்டில் வெளியே தெரியும் வேலைக்கு மெழுகு வேண்டாம், நூலின் பளபளப்பு மங்கிவிடும்.

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் முதல் இழப்பு நேர்ந்தது. கூர்முனையுள்ள என் சிறு எம்ப்ராய்டரிக் கத்தரிக்கோலையும், கழுத்தில் தொங்கவிடும் வட்ட வடிவ நூல்வெட்டியையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் சேர்ந்து 90 வெள்ளி. கத்தரிக்கோல் அளவைப் பற்றி நாட்டுக்கு நாடு வெவ்வேறு விதி இருக்கிறது. அமெரிக்காவில் திருகாணியிலிருந்து நுனிவரை 4 அங்குலத்திற்குக் குறைவாக இருந்தால் கைப்பையில் அனுமதிக்கிறார்கள், ஐரோப்பாவில் 6 சென்டிமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள், வேறு இடங்களில் கூர்முனை என்றாலே மறுத்துவிடுகிறார்கள். எங்கேயும் கடைசி முடிவு அங்கே நிற்கும் அதிகாரியுடையது. வட்ட நூல்வெட்டியைப் பலரும் பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள், அதை அமெரிக்காவிலும் கைப்பையில் விடுவதில்லை, ஏனென்றால் மூடிக்குள் முழு வட்டப் பிளேடு இருக்கிறது. தையலூசி பெரும்பாலும் பிரச்சினை இல்லை, என்னிடமும் யாரும் கேட்கவில்லை. நான் இப்போது கைப்பையில் வைத்திருப்பது ஒரு சாதாரண நகவெட்டி. நூலை அது சுத்தமாக வெட்டுகிறது, இதுவரை அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. நல்ல கத்தரிக்கோலைப் பெரிய பெட்டியில், நுனியில் ஒரு தக்கையைச் செருகிப் போடுங்கள். பெட்டியைத் திறந்து சோதிக்கிறவரின் கையில் குத்தக்கூடாது.

பெருந்துன்பம் விமானம் ஏறும் வாயிலில் தொடங்கியது. கைப்பைக்கு 7 கிலோ என்ற வரம்புக்குள்தான் என் சக்கரப்பை இருந்தது, வீட்டில் நிறுத்துப் பார்த்துத்தான் கிளம்பினேன். புடவை அந்தப் பைக்குள் இருந்தது, அதைக் கண்ணை விட்டு மறைக்கக்கூடாது என்பதற்காகவே அதில் வைத்திருந்தேன். ஆனால் அன்றைக்கு விமானம் நிறைந்துவிட்டது, மேலே வைக்க இடமில்லை என்று சொல்லி, வரிசையின் பின்பாதியில் நின்ற எங்கள் எல்லோருடைய சக்கரப்பைகளையும் வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பினார்கள். புடவையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். பைக்குள் மற்ற சாமான்களுக்கு அடியில் அது மடித்து இருந்தது, பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள், ‘இறங்கினதும் கிடைச்சிடும் மேடம்’ என்று சொல்லிச் சீட்டைக் கட்டிவிட்டார்கள். இப்படி வாயிலில் பை பறிபோவது இப்போதெல்லாம் அடிக்கடி நடக்கிறது என்பதைப் பிறகுதான் மற்றப் பயணிகளிடம் கேட்டு அறிந்தேன். ஆகவே தையல் வேலையை ஒரு தனித் துணிப்பையில் போட்டு, அதைச் சக்கரப்பையின் வாய்க்கு நேராக மேலாக வையுங்கள். ஜிப்பைத் திறந்தவுடன் ஒரே இழுப்பில் தோளில் மாட்டிக்கொள்ளும்படி அதற்கு நீண்ட வார் இருக்க வேண்டும். மருந்து, பயணப் பத்திரம், பிறர் பொருள் ஆகிய மூன்றும் அந்தப் பையில் இருக்கட்டும்.

இறங்கிய இடத்தில், பெட்டிகள் சுற்றிவரும் பட்டையில் என் பை வரவில்லை. கடைசிப் பெட்டியும் போய், பட்டை நின்றுபோன பிறகும் நான் அங்கேயே நின்றேன். வெளியே அக்காள் குடும்பம் காத்திருந்தது, மழை கொட்டிக்கொண்டிருந்தது, கைப்பேசியில் உள்ளூர் அட்டை இல்லை, எனக்குப் பேச யாரும் இல்லை. அந்த நேரத்தில் எனக்குப் பயம் அக்காவைப் பற்றியதோ என் துணிமணியைப் பற்றியதோ இல்லை. சந்தனப் புடவை ஒன்றுதான் கண்முன் நின்றது. முகப்பில் இருந்தவர்கள் ஒரு படிவத்தில் விவரம் எழுதிக்கொண்டு எண் கொடுத்தார்கள். அந்தப் படிவம் எழுதாமல் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்துவிடாதீர்கள். அதில் பையின் நிறம், அளவு மட்டும் எழுதினால் போதாது, உள்ளே என்ன இருக்கிறது, என்ன விலை என்பதையும் எழுதி, நகலை வாங்கிக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள்.

பை கிடைக்கச் சில நாள் ஆயிற்று. கல்யாண வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, நான் மணிக்கொருதரம் தொலைபேசி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அக்காள் மகளின் நலங்குக்குக்கூட முழு மனதோடு உட்கார முடியவில்லை. பிறகு ஒரு மாலையில் வண்டியில் கொண்டுவந்து கொடுத்து, வாசலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பையின் வெளிப்புறம் காய்ந்திருந்தது. திறந்தபோது புழுங்கிய வாடை வந்தது. புடவையை விரித்தேன். கட்டி முடித்திருந்த குஞ்சங்கள் ஒவ்வொன்றின் அடியிலும் அரக்குச் சாயம் இறங்கி, சந்தனப் பட்டில் கட்டைவிரல் அகலத்திற்குப் படர்ந்திருந்தது. கறையின் நடு வெளிறியும் ஓரம் மட்டும் கோடு போட்டாற்போல் அழுத்தமாகவும் இருந்தது. அடுத்த குஞ்சத்திற்காக நான் செருகி வைத்திருந்த ஊசியைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு துரு வளையம். மடிப்பு விழுந்த இடங்களில் ஜரிகை நசுங்கிக் கறுத்திருந்தது. எங்கே, எத்தனை நேரம் நனைந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நான் அழுதேன். அக்காள் வந்து என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். உப்புத் தண்ணீரில் ஊறப்போடு என்றார் ஒருவர், வினிகர் என்றார் இன்னொருவர். ஆலையில் ஏற்றப்பட்டு வந்த இக்காலத்துச் சாயத்தை உப்பும் வினிகரும் பிடித்து நிறுத்துவதில்லை. சாயம் இறங்கிய துணிக்குச் செய்யக்கூடியது, அது ஈரமாக இருக்கும்போதே குளிர்ந்த நீரில் அலசிக்கொண்டே இருப்பதுதான். காய்ந்துவிட்டால் கடினம், இஸ்திரி போட்டுவிட்டால் சூட்டில் கறை இன்னும் உறுதியாகிவிடும். எனக்கு வந்து சேர்ந்தபோது அது காய்ந்து போயிருந்தது. புதுக்கோட்டையில் பட்டு வெளுப்பவர் ஒருவர் நேர்மையாகவே, ‘இது போகாதும்மா, போக்கப் பார்த்தா பட்டே கிழிஞ்சிரும்’ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

இழப்பீட்டு விஷயத்தைச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர்க்கு இது தெரியாது. பன்னாட்டு விமானப் பயணத்தில் பை தொலைந்தாலும், கெட்டாலும், தாமதமானாலும் 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். மலேசியாவும் இந்தியாவும் அதில் சேர்ந்த நாடுகள். ஒரு பயணிக்கு அதிகபட்ச இழப்பீடு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கலகு, நம் காசில் ஏறத்தாழ எட்டாயிரம் வெள்ளி வரும். அது உச்சவரம்பு மட்டுமே, எல்லோருக்கும் அப்படியே எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்கள், இழந்ததன் மதிப்பை நாம் காட்ட வேண்டும். இதைவிட முக்கியமானது காலக்கெடு. பை சேதமடைந்திருந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதத்திற்கென்றால் 21 நாளுக்குள். 21 நாளாகியும் பை வராவிட்டால் அதைத் தொலைந்ததாகக் கொண்டு கோரலாம். புகார் சொல்லாமல் பெற்றுக்கொண்டால், நல்ல நிலையில் கிடைத்ததாகவே முதலில் கொள்ளப்படும். நான் மறுநாளே தொலைபேசியில் அழைத்துச் சேதத்தைச் சொன்னேன், பதிந்துகொண்டதாகச் சொன்னார்கள், நானும் நம்பிக் காத்திருந்தேன். கல்யாணம் முடிந்து மின்னஞ்சலில் படங்களோடு எழுதியபோது, எழுத்து மூலமான புகார் கெடுவுக்குள் வரவில்லை என்று பதில் வந்தது. கடைசியில் நல்லெண்ணத்திற்காக என்று 150 வெள்ளி மதிப்புள்ள பயணச்சீட்டுக் கழிவு கொடுத்தார்கள். தொலைபேசியில் எத்தனை மரியாதையாகப் பேசினாலும் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள், கொண்டுவந்து கொடுப்பவர் முன்னிலையில் பையைத் திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், நனைந்திருந்தால் அவர் நீட்டும் தாளிலேயே அதை எழுதுங்கள். கிளம்புமுன் துணியை விரித்துப் படமெடுத்துக் கடை இரசீதையும் சேர்த்து வைத்திருந்தால், மதிப்பைக் காட்டுவதில் சிரமம் இருக்காது.

அந்தப் பெண்மணியிடம் நான் புதுக்கோட்டையிலிருந்தே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். வேறு புடவை எடுக்க அவருக்கு நேரம் வேண்டுமல்லவா? அவர் கோபப்படவில்லை, சற்று நேரம் பேசாமல் இருந்தார், பிறகு ‘பரவாயில்லை அக்கா, வந்து பேசிக்கலாம்’ என்றார். ஊர் திரும்பியதும் 1,450 வெள்ளியை அவர் மறுக்க மறுக்கக் கையில் வைத்தேன். கூலி 280 வரவில்லை, பறிபோன கருவிகள் 90, நூலும் மணியும் 40. மகன் பல்கலைக்கழகக் கட்டணத்திற்கு எடுத்து வைத்த பணத்திலிருந்துதான் அதைக் கொடுத்தேன், அதைத் திரும்பச் சேர்க்கத் தீபாவளிக் கூலி முழுவதும் போயிற்று. புடவை இப்போது என் அலமாரியில் இருக்கிறது. கறைபடாத உடல் பகுதியை வெட்டிப் பாவாடை சட்டையாக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு இன்னும் கத்தரி வைக்க மனம் வரவில்லை.

பயணத் தையலை நான் விட்டுவிடவில்லை, விடவும் முடியாது. செய்கிற முறையை மாற்றிக்கொண்டேன். இப்போது பிறருடைய புடவை என் வீட்டை விட்டு நகர்வதில்லை. குஞ்சங்களை மட்டும் பயணத்தில் செய்கிறேன். உள்ளங்கை அகல அட்டையில் நூலைச் சுற்றி, கழுத்தைக் கட்டி, அடியை நறுக்காமல் அப்படியே ஒரு டப்பாவில் அடுக்கிக்கொண்டு வந்து, ஊர் திரும்பியதும் மேசைமேல் முந்தானையை விரித்து ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு இணைத்து, பிறகு எல்லா அடிகளையும் ஒரே கோட்டில் நறுக்குகிறேன். முன்பைவிட இது நேர்த்தியாகவே வருகிறது. ரவிக்கைப் பூவேலையையும் இப்படிப் பிரித்துவிடலாம். கழுத்தின் அளவை வேறொரு துணியில் வரைந்து, சங்கிலித் தையலும் காம்புத் தையலும் அதில் போட்டு, வீட்டுக்கு வந்து ரவிக்கையில் பதித்துத் தைக்கலாம். துணிப் பொத்தான் மூடுவது, மணி கோத்த சரம் தயாரிப்பது, ஒட்டுப்பூக்களின் ஓரம் மடிப்பது ஆகியவை எல்லாம் தொலைந்தால் நூல் விலையோடு போகும் வேலைகள்.

சாயத்தையும் இப்போது முன்கூட்டியே சோதிக்கிறேன். கடையில் பட்டு நூல் என்று விற்கும் பளபளப்பு நூல்களில் பல ரேயான் நூல்கள், சிவப்பும் அரக்கும் கருநீலமும் அவற்றில் அதிகமாகச் சாயம் இறக்கும். ஒரு முழம் நூலை நனைத்து வெள்ளைப் பருத்தித் துணியில் சுருட்டி, மேலே கனமான பாத்திரத்தை ஏற்றி ஓர் இரவு வைத்துப் பார்த்தால் காலையில் தெரிந்துவிடும். துணியில் நிறம் ஒட்டினால் அந்த நூலை வெளிர்நிறப் புடவைக்கு வாங்கவே வேண்டாம். எடுத்துப் போகும் வேலையைப் பழைய வேட்டித் துணியில் மடிக்காமல் உருட்டிச் சுற்றி, அதன்மேல் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையைப் போடுங்கள், போய்ச் சேர்ந்தவுடன் பிளாஸ்டிக்கை எடுத்துவிடுங்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஊசியை வேலையில் குத்தி வைத்து மூடாதீர்கள், ஓர் இரவானாலும் எடுத்துக் கம்பளித் துண்டில் குத்தி வையுங்கள். பட்டுக்கு 9 அல்லது 10ஆம் எண் ஊசி போதும். கையூசியில் எண் கூடக் கூட ஊசி மெல்லியதாகும் என்பதைக் கடையில் வாங்கும்போது நினைவில் வையுங்கள், தையல் இயந்திர ஊசிக்கு எண் கூடினால் ஊசி தடிக்கும்.

வழியில் ஊசி விழுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திரும்பும் பயணத்தில், தையல் எடுக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்த என் பக்கத்து இருக்கையில் ஒரு தாய், நடக்கப் பழகும் குழந்தையை இறக்கிவிட்டார். என் ஊசிகள் எல்லாம் அட்டையில் இருக்கின்றனவா என்று அப்போதே எடுத்து எண்ணினேன். பயணத்திற்கு எடுக்கும் ஊசிகள் குறைவாக, எண்ணத் தக்கதாக இருக்கட்டும். எண்ணிக்கையை அட்டையின் பின்புறம் எழுதி, இருக்கையை விட்டு எழும் ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். ஒரு சிறு காந்தத்தைக் கயிற்றில் கட்டிப் பையில் போட்டுக்கொண்டால் இருக்கையின் இடுக்கில் விழுந்த ஊசியும் ஒட்டிக்கொண்டு வரும், ஈப்போவின் பலசரக்குக் கடைகளில் அது இரண்டு வெள்ளிக்குக் கிடைக்கிறது. தேடியும் ஊசி கிடைக்காவிட்டால் சங்கடப்படாமல் பணியாளரைக் கூப்பிட்டு இருக்கை எண்ணைச் சொல்லிவிடுங்கள், அடுத்து அங்கே உட்காரப் போகிறவர் ஒரு குழந்தையாக இருக்கலாம்.